வேலைக்கு வந்த மரங்கள்

எங்கள் குலசேகரம் பக்கத்தில் ரப்பரை வெளியூர் மரம் என்று யாரும் சொல்வதில்லை. விடியும் முன்பே தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு பால் வெட்டப் போகிறவர்கள், சிரட்டையில் உறைந்த ஒட்டுப்பாலைப் பிய்த்துச் சாக்கில் போடுகிறவர்கள், முற்றத்துக் கொடியில் துணிக்குப் பக்கத்திலேயே ரப்பர் ஷீட்டைக் காயப்போடுகிறவர்கள், இவர்களுக்கெல்லாம் அது புளியையும் பலாவையும்போல ஊர் மரம். அமேசான் காட்டில் நின்ற ஒன்று எங்கள் அடுப்பை எரியவைப்பதற்கு முன் எங்கே இறங்கியது, எங்கே தங்கியது என்று கேட்டால், கடலுக்கு அந்தப்புறம் கைகாட்ட வேண்டும். உலகத்தின் நாலாபக்கத்திலிருந்தும் மரங்களைக் கொண்டுவந்து நட்டுப் பார்த்த பழைய அரசுத் தோட்டங்கள் இலங்கையில் மூன்று. சமவெளியில் ஹெனரத்கொட, நடுமலையில் பேராதனை, உச்சியில் ஹக்கல. கீழிருந்து மேலே ஏறுவது என்று வைத்துக்கொண்டேன்.

கம்பஹா

கொழும்புக் கோட்டையில் ரயிலேறினால் ஒரு மணி நேரத்துக்குள் கம்பஹா வந்துவிடுகிறது. காலை நேரம். ஸ்டேஷனுக்கு வெளியே பீத்தோவனின் மெட்டைப் பாடிக்கொண்டு ஒரு த்ரீவீலர் போனது. 'சூன் பாண்' வண்டி. பின்னால் கண்ணாடிப் பெட்டிக்குள் மீன் பணிஸும் சீனிப் பணிஸும் அடுக்கியிருந்தார்கள். எங்கள் ஊரில் மீன்காரர் ஹாரன் அடித்தால் சட்டியோடு ஓடிவருவதைப்போல இங்கே அந்த மெட்டுக்கு வாசல்கள் திறக்கின்றன.

ஹெனரத்கொட தோட்டம் 1876இல் தொடங்கியது. அந்த ஆண்டுதான் ஹென்றி விக்ஹாம் என்ற ஆங்கிலேயர் பிரேசிலிலிருந்து சுமார் 70,000 ரப்பர் விதைகளைக் கப்பலேற்றிக் கொண்டுபோய் லண்டன் கியூ தோட்டத்தில் சேர்த்தார். ரப்பர் விதை காத்திருக்காது. கீழே விழுந்து சில வாரம் கடந்தால் முளைப்பு போய்விடும். ஆவணி, புரட்டாசியில் எங்கள் தோட்டங்களில் காய் வெடித்துத் தகரக் கூரைமேல் விதை தெறிக்கும்போது பொறுக்கி உடனே பாவினால்தான் உண்டு. கியூவில் ஆர்க்கிட் செடிகளை அப்புறப்படுத்திவிட்டு அவசர அவசரமாக விதைத்தும் நூற்றுக்கு நாலு கூடத் தேறவில்லை என்பார்கள். தேறியதில் 1,919 கன்றுகள் கண்ணாடிப் பெட்டிகளில் அடைபட்டு இலங்கைக்கு வந்தன. செலவழித்தது லண்டனிலிருந்த இந்தியா அலுவலகம். ஆனால் ரப்பருக்கு வேண்டிய புழுக்கமும் ஓயாத மழையும் இங்கேதான் உண்டு என்று முடிவானது. பேராதனைகூடக் கொஞ்சம் குளிர் என்று, கடல் மட்டத்தை ஒட்டிய இந்த இடத்தைப் பிடித்தார்கள்.

தோட்டத்துக்குள் பழைய ரப்பர் மரங்களுக்கு முன் நின்றபோது எனக்கு இது நம்ம மரம்தானா என்று சந்தேகம் வந்தது. எங்கள் ஊரில் எல்லாம் ஒட்டுக்கன்று. அடியிலிருந்து நுனிவரை ஒரே பருமனில் தூண்போல நிற்கும். விதையிலிருந்து வளர்ந்த மரம் அப்படியில்லை, அடியில் அகன்று மேலே போகப்போகச் சிறுக்கும். அதுவாவது கேள்விப்பட்டதுண்டு. முதுமையைத்தான் நான் பார்த்ததே இல்லை. இருபத்தைந்து, முப்பது வருடம் வெட்டிப் பால் வற்றினால் எங்கள் மரத்தை அறுத்து பிளைவுட்டுக்கும் பெட்டி அடிக்கவும் லாரியில் ஏற்றிவிடுவோம். ரப்பருக்கு வயதாகும் என்பதையே நாங்கள் மறந்துபோனோம். இங்கே அடிமரத்தை நான் கட்டிப்பிடித்தாலும் கைகள் பாதிதான் எட்டும். பட்டை முழுக்க மேடும் பள்ளமும் முண்டும். ஆரம்பத்தில் எப்படி வெட்டுவது என்று தெரியாமல் கத்தி மரக்கட்டைவரை இறங்கிய காலத்துத் தழும்புகளாக இருக்கலாம்.

ஈர்க்கு விளக்குமாறால் சருகு கூட்டிக்கொண்டிருந்த முதியவர் ஒருவர் வேலையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். சிங்களவர். கொழும்பு புறக்கோட்டைக் கடையொன்றில் சின்ன வயதில் நின்றதில் தமிழ் கொஞ்சம் ஒட்டியிருக்கிறது. "இந்தியாவா? ரப்பர் இருக்கா அங்க?" என்றார். இருக்கிறது என்று சொல்லி, பட்டைமேல் விரலால் கோடு போட்டுக் காட்டினேன். இடப்பக்கம் மேலே தொடங்கி வலப்பக்கம் கீழே இறங்க வேண்டும். பால்குழாய்கள் பட்டைக்குள் எதிர்ப்பக்கமாகச் சற்றே சாய்ந்து ஓடுவதால் இப்படி வெட்டினால்தான் அதிகமானவை அறுபடும். மறுபக்கம் சாய்த்து வெட்டுகிறவனை எங்கள் ஊர்க் கங்காணி ஒரே நாளில் அனுப்பிவிடுவார். முதியவர் என் விரலுக்குப் பின்னாலேயே தன் விரலையும் ஓட்டிப் பார்த்துச் சிரித்தார். களுத்துறையில் அவருடைய மருமகனும் பால்வெட்டுதானாம். அவரும் இதே சாய்வில்தான்.

ஒரே வெட்டுவாயைத் தினமும் மெல்லச் சீவித் திறக்கும் உத்திக்குச் சிங்கப்பூர் தோட்டத்தின் ஹென்றி ரிட்லிக்கு நன்றி சொல்லலாம். ரப்பர் நடுங்கள், நடுங்கள் என்று தோட்டக்காரர்களைப் பிடித்து விதையைத் திணித்ததால் 'பைத்தியக்கார ரிட்லி' என்று பெயர் வாங்கியவர். பிரேசிலுக்குக் கிடைத்த கூலி வேறு. தாய்நாட்டில் தோட்டம் போட்டபோதெல்லாம் இலைக்கருகல் பூஞ்சை அழித்தது. 1928இல் அங்கே நகரமே கட்டி ரப்பர் வைக்கப் பார்த்த ஹென்றி ஃபோர்டும் தோற்றுத்தான் போனார். பூஞ்சை பின்தொடராத நாட்டில் மரம் பிழைத்தது, மரத்தோடு நாங்களும்.

கண்டிக்கு ஏறும் வழி

ரம்புக்கனை தாண்டியதும் ரயில் மூச்சு வாங்கத் தொடங்குகிறது. அலகல்லை மலை, கீழே வயல், பாறையைக் குடைந்த சுரங்கங்கள். கூடையோடு ஏறியவர் விற்ற இறால் வடையைப் பழைய கணக்குத்தாளில் பொதிந்து கொடுத்தார். வடைக்கு மேலே ஒரு முழு இறால் ஓட்டோடு குந்தியிருக்க, அதற்கு மேல் வெங்காயம், மிளகாய்த்தூள். கடற்கரை மாவட்டத்துக்காரனான எனக்கே மலைமேல் அப்படி ஒரு வடை கிடைத்தது கொஞ்சம் பொறாமையாக இருந்தது.

இந்த ரயில்பாதை 1867இல் கண்டியைத் தொட்டது. காப்பிக்காகப் போட்ட பாதை. கோப்பிக்காலம் என்பார்கள் இங்கே. அந்தக் காப்பிக்குத்தான் தமிழ்நாட்டிலிருந்து ஆட்கள் மன்னாரில் இறங்கிக் காட்டுவழியே மாத்தளைக்கு நடந்தார்கள், காலராவிலும் காய்ச்சலிலும் வழியிலேயே பலர் விழுந்தார்கள். பாதை திறந்து இரண்டே வருடத்தில், 1869இல், காப்பி இலையின் அடியில் ஆரஞ்சு நிறப் பொடி தெரிந்தது.

பேராதனை

மகாவலி மூன்று பக்கமும் வளைந்து போகும் நிலத்தில் 147 ஏக்கர். அலெக்சாண்டர் மூன் 1821இல் தொடங்கிய தோட்டம். நாலாயிரத்துக்கு மேற்பட்ட இனங்கள் இருக்கின்றன. இவ்வளவு சொன்னால் வழிகாட்டிப் புத்தகம் முடிந்தது. நான் ஊட்டிப் பூங்காவை மனதில் வைத்துக்கொண்டு போனேன். ஊட்டியில் கூட்டம் பூப்பாத்தியைச் சுற்றி மொய்க்கும், இங்கே மரத்தைச் சுற்றி. ஒவ்வொரு பெரிய அடிமரத்தின் மறைவிலும் குடையை விரித்துவைத்து அதன் பின்னால் ஒரு காதல் ஜோடி உட்கார்ந்திருக்கிறது. பக்கத்தில் பல்கலைக்கழகம் இருப்பதால் மரங்களுக்கும் பழகிவிட்டது போல.

நடுப் புல்வெளியில் நிற்கும் ஜாவா அத்தியைப் பற்றி முன்பே படித்திருந்தும் கண்ணால் பார்த்தபோது நம்பமுடியவில்லை. இரண்டரை ஆயிரம் சதுர மீட்டருக்குக் குடை பிடிக்கிறது. கிளைகள் தரையைத் தொட்டுவிட்டுத் திரும்ப ஏறுகின்றன. பள்ளிப் பிள்ளைகள் வெள்ளைச் சீருடையில் ஒரு கிளையின் அடியில் வரிசையாக உட்கார்ந்து சோற்றுப் பொதியை அவிழ்த்தார்கள். வாழையிலையில் கட்டிய சோறு, பருப்பு, கருவாட்டுப் பொரியல். ஒரு டீச்சர் சோறு சிந்தாமல் சாப்பிடச் சொல்லி அதட்டிக்கொண்டே இருந்தார்.

நியூ கலிடோனியாத் தீவிலிருந்து வந்த குக் பைன் மரங்கள் வரிசையாக, குடித்தவர்கள் மாதிரி வளைந்து நிற்கின்றன. இந்த இனம் உலகில் எங்கே நட்டாலும் பூமத்திய ரேகையின் பக்கம் சாயும் என்று 2017இல் ஓர் ஆய்வு சொன்னது. ரேகையிலிருந்து தள்ளிப்போகப் போகச் சாய்வும் கூடுமாம். பேராதனை ரேகைக்கு ஏழு பாகைக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது, அதனால் போதை கொஞ்சம் குறைவு.

பிரிட்டனின் ஐந்தாம் ஜார்ஜ், அரசராவதற்கு முன் 1901இல் மனைவியோடு வந்து நட்ட நாகலிங்க மரம் ஒன்று இருக்கிறது. தென்னமெரிக்க மரம். எங்கள் பக்கம் சிவன் கோயிலில் இதன் பூவுக்குள் லிங்கமும் அதன்மேல் படம்விரித்த நாகமும் தெரியும். இங்கே அதே பூவுக்குள் தாதுகோபத்தைக் கண்டு புத்தருக்கு வைக்கிறார்கள். புத்தர் உயிர்நீத்த சால மரம் என்றே நம்புகிறவர்கள் உண்டு, அந்த மரம் வேறு. ஒரு சிங்களக் குடும்பம் உதிர்ந்த பூவைப் பொறுக்கி நெற்றியில் ஒற்றிக்கொண்டது. நானும் ஒன்றை எடுத்து ஒற்றிக்கொண்டேன். பூவுக்கு ஆட்சேபம் இருந்ததாகத் தெரியவில்லை.

பனை வீதியில்தான் வெகுநேரம் நின்றேன். 1887இல் நட்ட வரிசை. பனையை அழகுக்காக நடுவார்கள் என்பது ஒரு கன்னியாகுமரிக்காரனுக்கு ஏறவே ஏறாத விஷயம். எங்கள் மரத்தில் ஏறுகிறவரின் மார்பு உரசிய வழவழப்பு இருக்கும், பாளை சீவிய அடையாளம் இருக்கும், ஓலையை வெட்டிவிட்ட கருக்குமட்டை இருக்கும். இங்கே யாரும் ஏறியதில்லை. பதநீர் கேட்டதில்லை. ஓலை கேட்டதில்லை. கண்டியின் மழையில் நனைந்துகொண்டு, எந்தக் கத்தியும் படாமல், பனை சும்மா நிற்கிறது. ஹெனரத்கொட ரப்பரைப் பார்த்தபோது மனதில் உறுத்தியது இங்கே பிடிபட்டது. தோட்டத்துக்குள் ஒரு மரம் தன் முழு உருவத்தில் இருக்கிறது. அதே மரத்தை வெளியே நாம் பார்ப்பது வேலைக்காரக் கோலத்தில்.

ஏனென்றால் இந்தத் தோட்டத்தை அழகுக்கென்று மட்டும் யாரும் வைக்கவில்லை. இது மரங்களுக்கான வேலைவாய்ப்பு அலுவலகம். எது எந்த மண்ணில் பிழைக்கும், எது காசாகும் என்று பார்த்து மலைக்கு அனுப்புவதுதான் இதன் தொழில். சீனாவிலிருந்து 1824இல் ஒரு தேயிலைச் செடி வந்தது. 1839இல் கல்கத்தாத் தோட்டம் அஸ்ஸாம் விதைகளை அனுப்பியது. காப்பி நன்றாக ஓடிக்கொண்டிருந்ததால் தேயிலையை யாரும் பெரிதாகச் சட்டை செய்யவில்லை. ஆரஞ்சுப் பொடி பிடித்த காப்பி இலை அப்போதைய இயக்குநர் துவைட்ஸின் மேசைக்கு வந்ததும் அவர் அதை இங்கிலாந்துக்கு அனுப்பினார். பெர்க்லி என்ற பூஞ்சை அறிஞர் அதற்குப் பெயரிட்டார். பெயர் வைத்தார்களே தவிர மருந்து கிடைக்கவில்லை. இருபது வருடத்துக்குள் காப்பி மலைகள் காலி. அதற்குள் 1867இல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை போட்டிருந்தார். வரிசையில் காத்திருந்த செடிக்கு வேலை கிடைத்தது. காப்பிக்கு வந்த ஆட்களும் அப்படியே தேயிலைக்கு மாறினார்கள்.

ஆற்றோரம் பர்மாவின் ராட்சத மூங்கில் புதர்கள், அதற்கு அப்பால் மரம் முழுக்கத் தலைகீழாக வௌவால்கள். அவை தொங்கித் தொங்கியே சில உச்சிக்கொம்புகள் மொட்டையாகிவிட்டன. வாசலில் தள்ளுவண்டியில் உப்பும் மிளகாய்த்தூளும் பிரட்டிய அன்னாசியும் வெரளிக்காய் அச்சாறும் விற்றார்கள். அச்சாறு வாங்கினேன். ஒரு கடியில் காது அடைத்துக்கொண்டது. விற்றவர் அதை எதிர்பார்த்தவர்போல ஒரு குவளைத் தண்ணீரை ஏற்கெனவே நீட்டியிருந்தார்.

ஹக்கல

ஹட்டன், தலவாக்கலை வழியாக நானுஓயா. ரயில் ஜன்னலின் இருபுறமும் தேயிலை, தேயிலை, தேயிலை. அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் ஒரு நிலையில் கண் வேறு எதையாவது கேட்கிறது. நுவரெலியாவிலிருந்து வெலிமடை சாலையில் பத்து கிலோமீட்டர் போனால் ஹக்கல பாறை. அதன் மடியில் தோட்டம். உயரம் 1,700 மீட்டருக்கு மேல். என் ஊர் உடம்பு உடனே குல்லா கேட்டது.

1861இல் சின்கோனாவுக்காகவே திறந்த இடம் இது. மலேரியாக் காய்ச்சலுக்குக் கொயினா தரும் ஆண்டிஸ் மலை மரம். ஏறக்குறைய அதே சமயத்தில் ஊட்டியில் மக்ஐவர் என்பவர் தொட்டபெட்டாச் சரிவில் இதை நட்டுக்கொண்டிருந்தார். நடுவட்டத்துக் கொயினா ஆலை அங்கிருந்து பிறந்ததுதான். மரத்தை வெட்டாமல் பட்டையைக் கீற்றாக உரித்து, உரித்த இடத்தில் பாசியைக் கட்டிவைத்தால் புதுப்பட்டை வளரும் என்று கண்டவர் அவர். ரப்பர் வெட்டுகிறவனுக்கு இது சட்டென்று புரியும். பட்டை மறுபடி வளரும்வரைதான் எங்கள் பிழைப்பும்.

இலங்கைப் பட்டை 1880களில் சந்தையில் குவிந்து விலை விழுந்தது. ஜாவாவில் டச்சுக்காரர்களிடம் இதைவிட வீரியமான ரகம் இருந்தது. அந்த விதையைப் பொறுக்கித் தந்தவர் மனுவேல் மமானி என்ற பொலிவியத் தொழிலாளி. சார்லஸ் லெட்ஜர் என்ற வியாபாரியிடம் வேலை பார்த்தவர். விதை வெளியே போனதற்காகச் சொந்த ஊரில் சிறையில் அடித்தார்கள், அந்த அடியில்தான் செத்தார். விதையின் வகைக்கு லெட்ஜரின் பெயர் நிலைத்தது. விதை பொறுக்கிய கைக்கு ஒன்றும் இல்லை.

இன்று ஹக்கலவுக்கு வருகிறவர்கள் ரோஜாவையும் மரப்பெரணியையும் பார்க்க வருகிறார்கள். ஜப்பான் தேவதாருவும் சைப்ரஸும் பனிக்குள் நிற்க, கரடிபோல அடர்ந்த ரோமமுள்ள குரங்குகள் கிளைமாறின. பக்கத்திலேயே சீதையம்மன் கோயில். அசோகவனம் இதுதான் என்பது அங்கே நம்பிக்கை. திருச்சிப் பக்கத்திலிருந்து வந்திருந்த ஒரு கூட்டம், அனுமன் காலடி என்ற பள்ளங்களை ஓடைக்கரையில் தேடிக்கொண்டிருந்தது.

வெலிமடைச் சாலை

கோயிலைத் தாண்டி நடந்தால் கேரட், லீக்ஸ், கோவா பாத்திகள். நடுநடுவே தேயிலை. சாலையோரத்துப் பெட்டிக்கடையில் தேங்காய் ரொட்டி சூடாக இருந்தது, கட்டைச் சம்பல் கண்ணில் நீர் வரவைத்தது. பிளேன்டீயைச் சீனி போட்டுக் கலக்காமல், உள்ளங்கையில் ஒரு துண்டு சக்கரையைக் கொடுத்தார்கள். கடித்துக்கொண்டே குடிக்க வேண்டும்.

கடைக்குப் பின்புறம், யாரும் கவனிக்காத ஓரத்தில், என் தலைக்கு மேல் இரண்டு ஆள் உயரத்தில் ஒரு மரம். வெள்ளைப் பூ, நடுவில் மஞ்சள் மகரந்தம் கொத்தாக. இலையைத் திருப்பிப் பார்த்தும் பிடிபடவில்லை. ரொட்டி வாங்க வந்திருந்த அக்கா ஒருவர் என்னைப் பார்த்துவிட்டு, "அது தேயிலைதான் தம்பி. கவ்வாத்துப் பண்ணாம விட்டுட்டாங்க" என்றார். இடுப்பில் படங்கைச் சுற்றியிருந்தார், முதுகில் கொழுந்துக் கூடை. கவ்வாத்துப் பண்ணிப் பண்ணித்தான் அதை இடுப்பு உயரத்தில் வைத்திருக்கிறார்களாம். விட்டால் முப்பது அடி போகும். "நாங்க பறிக்கிறதெல்லாம் மரத்தோட தலைய வெட்டி வச்ச அடிக்கட்டைதான்."

"எந்த ஊரு?"

"நாகர்கோயில் பக்கம்."

"எங்க தாத்தா துறையூர்னு சொல்வாங்க. கிட்டவா?"

"இல்லக்கா. அது ரொம்ப வடக்க."

அப்பா காலத்தில் பாஸ்போர்ட் எழுதி அந்தப் பக்கம் போன சித்தப்பா வீடு கோத்தகிரியில் இருக்கிறதாம். 1948இல் குடியுரிமை பறித்து, 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் போட்டு ஆட்களைப் பங்கு பிரித்த கதையை அவர் அவ்வளவில் முடித்துவிட்டார். அதைவிட என் ஊர் வேலை பற்றித்தான் அவருக்குக் கேட்க வேண்டியிருந்தது. ரப்பருக்குக் கூலி எப்படி?

"வெட்டுற மரத்த எண்ணிக் கொடுப்பாங்க. ஒரு ஆள் முந்நூறு, நானூறு மரம் வெட்டுவாங்க."

"மரத்த எண்ணியா? நல்லாத்தான் இருக்கு. எங்க தோட்டத்துல பதினெட்டுக் கிலோ வந்தாத்தான் முழுப் பேரு. கொறஞ்சா அரைப் பேரு. மழைன்னா என்ன செய்வாங்க?"

"மழை பெஞ்சா வெட்டு கிடையாது. பால் வழிஞ்சு போயிரும். மரத்துக்கு பிளாஸ்டிக் பாவாடை கட்டியிருந்தா வெட்டலாம், இல்லன்னா வீட்லதான்."

அக்கா ரொட்டிப் பொட்டலத்தை இடுப்பில் செருகினார். "எங்களுக்கு மழைதான் தம்பி. மழை பெஞ்சாத்தான் கொழுந்து துளுக்கும், அன்னைக்குத்தான் கிலோ ஏறும். அட்டையும் அன்னைக்குத்தான் ஏறும்" என்று சொல்லிக் காலை உதறிக் காட்டினார். கூடையைச் சரிசெய்துகொண்டு, நிறுவைக்கு நேரமாயிற்று என்று மலைமேல் ஏறினார். தூறல் அப்போது விழத் தொடங்கியிருந்தது.